மாப்பிள்ளைக்குப் போன என் சட்டை

பவுடர் டப்பாவின் மூடியைத் திருகுவதற்கு முன்னால், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தத் தலை இன்னைக்கு எங்கெங்க போகுது?" முப்பது வருஷம் கத்திரி பிடித்துவிட்டு, கடையை மகனிடம் விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற நான், புதிதாகக் கத்திரி பிடிக்கிற உங்களுக்குச் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஆறு மாதம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டதை நீங்கள் செல்போனில் பார்த்து அரை மணியில் கற்றுக்கொள்கிறீர்கள். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். இருந்தாலும் நன்றாக இருங்கள்.

ராமநாதபுரத்தில் என் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள். வந்த மறுநாளே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்க்காமல், அங்கே தண்ணி சரியில்லைண்ணே என்பார்கள். துபாய்த் தண்ணீர், கத்தார்த் தண்ணீர், சவூதித் தண்ணீர் எல்லாமே இந்தப் பழியைச் சுமந்திருக்கின்றன. முதுகுளத்தூரைத் தாண்டிப் போகாதவருக்கும் அதே இடத்தில்தான் கொட்டுகிறது என்று நான் வாயைத் திறந்ததில்லை. நம் நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் நாம் வாதம் பண்ணக் கூடாது.

அவர்களுக்காகத்தான் இந்தப் பவுடரை வாங்கி வைத்தேன். இருக்கிற முடியில் பொடிப்பொடி இழையாகப் போய் ஒட்டிக்கொண்டு, மண்டைத் தோல் தெரியாமல் அடர்த்தியாகக் காட்டுகிற கறுப்புத் தூள். உச்சியில் இரண்டு தட்டு, முன்பக்கம் நான்கு தட்டு, சீப்பால் ஓரத்தை ஒழுங்குபடுத்தினால் பத்து வயது குறைந்துவிடும். எனக்கோ தலை சுத்தமாக வழுக்கை. "நீங்க ஏண்ணே போட்டுக்கலை?" என்று கேட்காத ஆள் கிடையாது. ஒட்டிக்கிட ஒரு முடியாவது வேணுமே தம்பி என்பேன். அவர்கள் சிரிப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

ஆரம்பத்தில் நன்றாக அடியும் பட்டேன். சிக்கல் என்கிற ஊரில் ஒருவருக்கு மகளுடைய நிச்சயதார்த்தம். பவுடர் போட்டு ராஜா மாதிரி அனுப்பி வைத்தேன். மண்டப வாசலில் இரண்டு பிள்ளைகள் பன்னீர் தெளித்தார்கள். அவர் மேடைக்குப் போய்ச் சேர்வதற்குள் தூள் எல்லாம் திரண்டு, தலையில் எள்ளுருண்டையை உதிர்த்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஈரத்தில் இது திரளும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு மேலே அடிக்கிற ஸ்பிரே வாங்கினேன். மாலையைத் தலை வழியாகப் போடாமல் பின்னாலிருந்து போடச் சொன்னேன். கடற்கரையில் படம் எடுத்தால் காற்று வருகிற பக்கம் முகத்தைத் திருப்பச் சொன்னேன். பன்னீர், மாலை, வியர்வை, காற்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், இனி என்னை அசைக்க முடியாது என்று ஒரு திமிர் வந்திருந்தது. அந்தத் திமிரோடு இருந்தபோதுதான் இர்ஷாத் வந்தார்.

புதுமடத்துக்காரர். முப்பத்தொரு வயது. வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அத்தா இல்லை, உம்மாவும் ராத்தா என்று அவர் கூப்பிடுகிற அக்காவும்தான். நெற்றி மேலே மேலே ஏறி, உச்சியிலும் தோல் தெரிந்தது. பக்கத்து ஊரில் நஸீமா என்கிற பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். ராத்தா பெண் வீட்டுக்குக் கொடுத்த படம் அவர் முதன்முதலாக வெளிநாடு போனபோது எடுத்தது. அதில் முடி விளக்குமாறு மாதிரி நிற்கிறது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம் என்பது ராத்தாவின் தீர்மானம். தம்பியும் சரி என்று இருந்துவிட்டார். பிறகு அந்தப் பெண்ணோடு வீடியோவில் பேசப் பேச, இவருக்கு அவரை உயிராகப் பிடித்துப்போயிற்று. வினையே அங்கேதான் வந்தது.

"நாலு மாசமா தொப்பியோடயே பேசிக்கிட்டு இருக்கேண்ணே. தூங்கப் போறப்பவும் தொப்பியா இருக்கீங்களேன்னு கேட்டுட்டாங்க. தலையைப் பாத்துட்டு வேணாம்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

ஒரு வாரம் முன்னதாக வரச் சொல்லி ஒத்திகை பார்த்தேன். பவுடர் போட்டு முடித்துக் கண்ணாடியைக் காட்டியதும் மனிதர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, பழைய ஃபோட்டோ திரும்பி வந்துருச்சுண்ணே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடலுக்குள்ள விழுந்தாலும் இது அசையாது தம்பி என்று அளந்துவிட்டேன். அளந்தவன் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

கல்யாணத்தன்று காலையிலேயே புதுமடம் போய்விட்டேன். மாப்பிள்ளைக்கான வெள்ளைச் சட்டை பெண் வீட்டிலிருந்து வந்திருந்தது. கடைச் சட்டை அல்ல. நஸீமா தையல் படித்தவர். ராத்தாவிடம் அளவு வாங்கி அவரே வெட்டி, அவரே தைத்து, காலர் ஓரம் முழுக்க வெள்ளை நூலிலேயே சின்னதாக ஒரு பூங்கொடி போட்டிருந்தார். கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். முதலில் சட்டையைப் போட்டு, மேலே துணியைப் போர்த்தி, பவுடரையும் ஸ்பிரேயையும் முடித்தேன். உம்மா வந்து பார்த்துவிட்டு மகன் முகத்தை இரண்டு கையாலும் தடவினார். தலையைத் தொட்டுறாதீங்கம்மா என்று நான் கத்தினேன். அவ்வளவு கவனமாம் எனக்கு.

சாயங்காலம் மண்டப மேடையில் தொப்பி இல்லாமல் படம் எடுக்க வேண்டும் என்பது மாப்பிள்ளையின் ஆசை. அதனால் என்னையும் காரில் கூட்டிக்கொண்டு போனார்கள். பெண்ணின் ஊர்ப் பள்ளிவாசலில் லுஹர் என்கிற மதியத் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். நான் சுற்றுச்சுவர் ஓரம் பூவரச மர நிழலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஊர் ஆண்களின் தலைகளை ஒவ்வொன்றாக எடை போட்டுக்கொண்டிருந்தேன். இர்ஷாத் ஒளு செய்ய ஹவுல் என்கிற தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார்.

தொழுகைக்கு முன்னால் முகம், கை, கால் கழுவுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? என் கடைக்கு எதிரிலேயே பள்ளிவாசல். தினமும் பார்க்கிறேன். முகத்துக்கும் காலுக்கும் நடுவில் ஈரக் கையால் தலையைத் தடவுவதையும்தான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குள் போனது மண்டைக்குள் ஏறவில்லை. தலையே பிழைப்பாக இருக்கிற ஒருவன் தலையை மறந்தான். ஐந்து வேளை தொழுகிற மாப்பிள்ளைக்காவது நினைவு வந்திருக்கலாமே என்பீர்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு எதுதான் நினைவுக்கு வரும்? ஒத்திகை அன்று வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் தொழுதிருக்கிறார், அதனால் அவருக்கும் தட்டுப்படவில்லை.

திரும்பி வந்தவரைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். தலை முழுக்க ஈரம். முன்பக்கம் தோல் பளிச்சென்று தெரிகிறது. காதுக்குப் பின்னால் கறுப்பு வழிந்து, கழுத்தில் இறங்கி, அந்தக் கொடி போட்ட காலரை நனைத்துக்கொண்டிருக்கிறது.

"கையைத் தலைக்குக் கொண்டு போனப்பத்தாண்ணே நெனப்பு வந்துச்சு. இதுக்கு மேல தடவுனா தலையைத் தடவுன மாதிரியா, மாவைத் தடவுன மாதிரியா? அதான் கழுவிட்டேன்."

ஏலே, நீயெல்லாம் ஒரு தொழில்காரனா என்று என்னை நானே வைதுகொண்டேன். ஈரத் தலையில் மறுபடி பவுடர் போட்டால் சிக்கல் எள்ளுருண்டைதான். உலர்த்தி, போட்டு, ஸ்பிரே அடித்து முடிக்க நேரம் இல்லை. இடுக்கணில் மாட்டினால் மனிதனுக்கு முதலில் தோன்றுவது மூடி மறைக்கிற யோசனைதான். எனக்கும் அதுதான் தோன்றியது. தொப்பியை நெற்றி வரைக்கும் இறக்கிப் போட்டு உட்கார்ந்து நிக்காஹை முடியுங்கள், சாயங்காலத்துக்குள் நான் பழையபடி ஆக்கிவிடுகிறேன் என்றேன். ராத்தாவின் தீர்மானத்தையே நானும் சொன்னேன்.

அவர் கழுத்தில் வழிந்த கறுப்பைக் கையால் துடைத்தார். பிறகு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"இப்ப சாட்சிங்க அவங்க வீட்டுக்குப் போயி, சம்மதமான்னு கேப்பாங்கண்ணே. அவங்க சம்மதம்னு சொல்றது யாருக்கு? அந்த ஃபோட்டோவுக்கா, எனக்கா?"

கிரேன் ஓட்டுகிற பையன், என் வயதில் பாதிதான் இருக்கும். என்னைவிட நிதானமாக நின்றான். அந்தப் பெண் தலையைப் பார்த்த பிறகுதான் சம்மதம் கேட்க வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் நான் கேட்டது ஒரே கேள்விதான். மெஷின் போடட்டுமா? கழுவியும் கழுவாமலும் பவுடர் பிசைந்து நிற்கிற அந்தக் கோலத்தில் பெண்ணுக்குக் காட்டக் கூடாது. இருப்பதை இருக்கிறபடி காட்டுவதென்றால் ஒழுங்காகக் காட்டுவோம். அவர் தலையாட்டினார். பையிலிருந்து மெஷினை எடுத்து, அதே நாற்காலியில் உட்கார வைத்து, ஒட்ட வெட்டுகிற ஒண்ணாம் நம்பர் போட்டு ஒரே சீராக இழுத்தேன். தாடியின் ஓரத்தைக் கூர்மையாக்கினேன். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. வாழ்க்கையில் அத்தனை பயத்தோடும் அத்தனை அழகாகவும் நான் வேலை செய்ததில்லை. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். மண்டை வடிவம் அம்சமாக இருந்தது. இத்தனை நாளாக இதையா ஒளித்து வைத்திருந்தார் என்று நினைத்தேன்.

சட்டைதான் மிச்சம். காலரும் முதுகும் கறுப்பு. சுற்றுமுற்றும் பார்த்தேன். தொழுகைக்குப் போகாமல் வெள்ளைச் சட்டையோடு வெளியே நின்றது நான் ஒருவன்தான். கழற்றிக் கொடுத்துவிட்டேன். என் உடம்பு உங்களுக்குத் தெரியும். அவர் உடம்பு அதில் பாதி. தோள் முழங்கைக்கு இறங்கிவிட்டது. கையை மடித்துவிட்டுப் பார்த்தேன், சுமார்தான். நான் பனியனோடு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டேன்.

அவருடைய போனை வாங்கிப் படம் எடுத்தேன். அதை நஸீமாவுக்கு அனுப்பி, குரலில் ஒரு செய்தியும் சொன்னார். இதுதான் என் தலை, உங்களுக்குக் காட்டியது பழைய படம், மறைத்தது என் தப்பு, வேண்டாம் என்றால் சாட்சிகள் வரும்போது தைரியமாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நான் எதுவும் நினைக்க மாட்டேன் என்றார். கடைசி வார்த்தை மட்டும் பொய். அது எனக்கே தெரிந்தது.

இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. பதில் இல்லை. தொழுகைக்கு அழைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை தலையை ஒருமுறை அலசி, ஒளு செய்து, போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

என் கதியைப் பாருங்கள். பள்ளிவாசல் வாசலில் பனியனோடு ஒருவன், கையில் அடுத்தவன் தலைவிதி. போன் அடித்தது. திரையில் ராத்தா என்று இருந்தது, அவர் அப்போது பெண் வீட்டில் இருந்தார். நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது. பெண் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது, இந்தக் கல்யாணம் என் ஒரு டப்பாப் பவுடரால் நிற்கப் போகிறது, உம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது நஸீமாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. பதினோரு விநாடி. வேண்டாம் என்று சொல்லப் பதினோரு விநாடி எதற்கு என்று ஒரு நினைப்பு. காரணம் சொல்லி வேண்டாம் என்றால் ஆகுமே என்று இன்னொரு நினைப்பு. திறந்து கேட்க எனக்கு உரிமை இல்லை. போனைத் தொடையில் வைத்துக்கொண்டு, தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். அவர்கள் பள்ளிவாசலின் முன்னால் உட்கார்ந்து எங்கள் குலசாமி வரைக்கும் கூப்பிட்டுவிட்டேன்.

தொழுகை முடிந்தது. இர்ஷாத் வேகமாக வெளியே வந்தார். அந்தப் பக்கம் சாட்சிகள் பெண் வீட்டுக்குக் கிளம்பச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் போனை வாங்கவில்லை, நீங்களே போடுங்கண்ணே என்றார். போட்டேன். முதலில் பின்னால் நாலைந்து பெண்களின் சத்தம். அப்புறம் அந்தப் பெண்ணின் குரல், நல்ல கோபமாக.

"தலையை வாழ்க்கை பூராம் பாக்கத்தான போறேன். நான் தைச்ச சட்டை எங்க? இது யாரு சட்டை, தொளதொளன்னு?"

இர்ஷாத் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டும் செய்தேன். சட்டையில கறுப்பு பட்டுருச்சு என்று அவர் திக்கித் திக்கிச் சொல்லி அனுப்பினார். இந்தத் தடவை பதில் உடனே வந்தது.

"யாரும் தேய்ச்சுறாதீங்க. சும்மா தண்ணில நனைச்சு வைங்க. நான் வந்து பாத்துக்கிறேன்."

வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாரே, இனி சாட்சிகள் போய் என்னத்தைக் கேட்கப் போகிறார்கள்? முறைக்குப் போய்க் கேட்டார்கள். முறைக்கு அவரும் சம்மதம் சொன்னார். ராத்தா மூன்று தடவை கூப்பிட்டதுகூடப் பெண்ணுக்காகத்தான். கூப்பிடுங்கள், சட்டையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அந்தப் பெண் பக்கத்தில் நின்று குடைந்திருக்கிறார்.

உள்ளே நிக்காஹ் நடந்தபோது நான் வெளியே குழாயடியில் குந்தியிருந்தேன். எதிரே ஒரு வாளி, அதில் அந்தச் சட்டை. தேய்க்கவில்லை. ஒலிபெருக்கியில் துஆ கேட்டது. எல்லோரும் ஆமீன் என்றபோது நானும் வாளியைப் பார்த்து ஆமீன் என்றேன். சாப்பாட்டுக்குப் பனியனோடு எப்படிப் போவது என்று கூச்சப்பட்டு நின்றவனை மாப்பிள்ளையே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஒரே தட்டில் நான்கு பேராக உட்கார்ந்தோம். மாப்பிள்ளைக்குச் சட்டை கொடுத்தவர் என்று சொல்லியே எல்லோரிடமும் அறிமுகம் செய்தார்கள். நல்ல கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார்கள். அந்தப் பிரியாணிக்கு ஈடாக இன்னும் இரண்டு சட்டை கொடுத்திருப்பேன்.

இதைக் கேட்டுவிட்டு, பவுடர் போடுவதே பொய் வேலை என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ தலைக்குப் போட்டிருக்கிறேன், சந்தோஷமாகப் போட்டிருக்கிறேன். மேடையேறப் பயந்தவர் மேடையேறினார். தொப்பியே கதி என்று இருந்தவர் தலை நிமிர்ந்து படம் எடுத்துக்கொண்டார். ஆசைக்குப் போட்டுக்கொள்கிறவருக்கு அள்ளிப் போடுங்கள். பயந்துபோய்ப் போட்டுக்கொள்கிறவர் என்று தெரிந்தால் மட்டும், டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் பேசுங்கள். இர்ஷாத்திடம் முதல் நாளே நான் அப்படிப் பேசியிருக்க வேண்டும்.

எட்டாம் நாள் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். இர்ஷாத் தலையில் தொப்பி இல்லை. போட்டிருந்தது நஸீமா தைத்த சட்டை. கறுப்பு முழுக்கப் போகவில்லை போலிருக்கிறது. கறை நின்ற இடத்தில் மட்டும் அந்த வெள்ளைக் கொடிக்குக் கறுப்பு நூலில் இலை போட்டிருந்தார். தெரிந்து செய்த வேலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். என் சட்டையையும் துவைத்து, பெட்டி போட்டு, கவரில் வைத்துக் கொண்டு வந்திருந்தார். உங்களுக்கும் தோள் இறங்கித்தான் கெடந்துச்சுன்னு இவங்க சொன்னாங்கண்ணே, பிரிச்சுத் தைச்சிருக்கேன் என்றார். போட்டுப் பார்த்தேன். வாங்கிய நாளிலிருந்து அது எனக்குச் சரியாக இருந்ததே இல்லை, அன்றைக்குத்தான் சரியாக இருந்தது. இப்போதும் விசேஷ வீடுகளுக்கு அதைத்தான் போடுகிறேன்.

இர்ஷாத் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் முடி மறுபடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. எப்படி வெட்ட என்று கேட்டேன். அவர் வாசல் பக்கம் பார்த்தார். நம் கடைக்கு வருகிறவர்கள் நடிகர் படத்தைக் காட்டி இதே மாதிரி வெட்டு என்று உயிரை வாங்குவார்களே, அதே மாதிரி நஸீமா தன் போனை என் முன்னால் நீட்டினார். நான் எடுத்த படம். பூவரச மரம், பிளாஸ்டிக் நாற்காலி, தொளதொள சட்டை, ஒண்ணாம் நம்பர் தலை.

"இதே மாதிரிண்ணே. கொஞ்சங்கூட மாறக் கூடாது."

மெஷினைக் கையில் எடுத்தேன். புதிதாகப் பழகிய கேள்வி வாயில் தானாக வந்தது. இந்தத் தலை இன்னைக்கு எங்கெங்க போகுது என்றேன். இர்ஷாத் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் சொன்னார்.

"அரிச்சல்முனைக் கடற்கரைக்குண்ணே. அங்கன காத்து பேயா அடிக்குமாம்."